மாத்திரைக்குள் மறைந்த ஈசினோபில்

எனக்கு ஆஸ்துமா வந்தது 42 வயதில். சின்ன வயதில் மூச்சுத்திணறல் வந்ததே கிடையாது. முதலில் மூக்கடைப்பு, அப்புறம் மூக்கில் சதை வளர்ச்சி, வாசனையே தெரியாமல் போனது. அடுத்த வருடம் நெஞ்சுக்குள் விசில். ஒவ்வாமைப் பரிசோதனையில் எதுவும் வரவில்லை. இன்ஹேலரை ஒழுங்காக எடுத்தும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வீசிங் முற்றி ஸ்டீராய்டு மாத்திரை. அதைப் போட்டால் மூக்கு திறக்கும், வாசனைகூடத் திரும்பும். நிறுத்தினால் பழையபடிதான்.

ரத்தத்தில் ஈசினோபில் என்ற வெள்ளை அணு எவ்வளவு என்று பார்த்தார்கள். நார்மல். "உங்களுக்கு ஈசினோபில் கூடுகிற வகை ஆஸ்துமா இல்லை" என்றார்கள். இரண்டு வருடம் அதை நம்பினேன்.

வேறொரு மருத்துவர் அந்த ரிப்போர்ட்டைப் பார்த்ததும் கேட்டார்: "ரத்தம் எடுத்த அன்று மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்களா?" ஆமாம், மூன்றாவது நாள். ஸ்டீராய்டு மாத்திரை ஈசினோபிலைச் சில மணி நேரத்திலேயே இறக்கிவிடும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். என் பழைய ஃபைலை மேசையில் பரப்பி, மாத்திரை இல்லாத காலத்து ரிப்போர்ட் ஒன்றைத் தேடி எடுத்தார். அதில் சதவீதம் மட்டும்: 7. மொத்த வெள்ளை அணுக்கள் 8,200. ஓரத்தில் பேனாவால் பெருக்கி, 574 என்று எழுதி வட்டம் போட்டார். தீவிர ஆஸ்துமாவில் ஒரு மைக்ரோலிட்டருக்கு 150 இருந்தாலே கவனிக்க வேண்டுமாம்.

அன்றே மூச்சில் நைட்ரிக் ஆக்சைடு அளந்தார்கள்; இந்த வகை ஆஸ்துமாவில் கூடுகிற வாயு அது. திரையில் கோட்டுக்கு மேலேயும் போகாமல் கீழேயும் இறங்காமல் பத்து விநாடி ஒரே சீராக ஊத வேண்டும். மூன்றாவது தடவைதான் சரியாக வந்தது. 71. பெரியவர்களுக்கு 50-ஐத் தாண்டினாலே அதிகம்.

இப்போது நான்கு வாரத்துக்கு ஒரு மெபோலிசுமாப் ஊசி. ஈசினோபிலை வளர்க்கும் ஐஎல்-5 என்ற புரதத்தை அது தடுக்கிறது. 14 மாதத்தில் ஒரே ஒரு முறைதான் மாத்திரை தேவைப்பட்டது. இழந்த அந்த இரண்டு வருடத்தை நினைத்தால் இன்னும் ஆற்றாமையாக இருக்கிறது.

*

அக்கா, எனக்கு நேர் எதிர். இன்ஹேலரில் ஸ்டீராய்டு அளவைக் கூட்டிக்கொண்டே போனார்கள். குரல் கம்மியது, வாயில் வெள்ளை படிந்தது, இருமல் மட்டும் குறையவில்லை. கடைசியில் சளிப் பரிசோதனை. உப்புநீரை நெபுலைசரில் இழுக்கவைத்து, எச்சில் கலக்காமல் ஆழத்திலிருந்து சளியைக் காறித் துப்பச் சொன்னார்கள். ஈசினோபில் 1 சதவீதம்கூட இல்லை, நியூட்ரோபில் என்ற இன்னொரு வெள்ளை அணு 78. ஈசினோபில், நியூட்ரோபில், இரண்டும் கலந்தது, இரண்டுமே அதிகமில்லாதது என்று ஆஸ்துமாவில் நான்கு வகை உண்டாம். நியூட்ரோபில் வகைக்கு ஸ்டீராய்டு அவ்வளவாகக் கேட்காது. இசிஜி, காது கேட்கும் திறன் இரண்டையும் பார்த்துவிட்டு, வாரம் மூன்று நாள் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் ஆரம்பித்தார்கள். முழுக்க நிற்கவில்லை, ஆனால் இரவில் தூங்குகிறேன். ஒரு சந்தேகம் அக்கா. என் அண்ணன் தினமும் ஸ்டீராய்டு மாத்திரை எடுக்கிறார். ரத்தப் பரிசோதனைக்காக நிறுத்தச் சொல்லலாமா?

*

வேண்டவே வேண்டாம் தம்பி. தினமும் எடுப்பவர் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள். வீட்டில் பழைய ரத்த ரிப்போர்ட் கிடந்தால், எதற்காக எடுத்ததாக இருந்தாலும் சரி, கையோடு கொண்டு போங்கள். என்னுடைய அந்த 574, பல் பிடுங்குவதற்கு முன்னால் எடுத்தது.