பழைய டீசல் ஹைலக்ஸ் ஃபோர்-வீல் வாங்கலாமா? போய் என்னென்ன பார்க்கணும்?

செம்பவாங் செடிக்காரன்:
வணக்கம். சிங்கப்பூர்ல சின்னதா ஒரு தோட்டப் பராமரிப்புக் கம்பெனி நடத்துறேன், நானும் ரெண்டு ஊழியர்களும்தான். லிம் சூ காங் பக்கம் ஒரு நர்சரி வேலை நிரந்தரமா கிடைச்சிருக்கு. போன டிசம்பர் மழையில எங்க பழைய லாரி சேத்துல அச்சு வரைக்கும் இறங்கிடுச்சு. பக்கத்துப் பண்ணை எக்ஸ்கவேட்டர் வந்து இழுக்க வேண்டியதாப் போச்சு. அன்னிக்கு முடிவு பண்ணேன், அடுத்தது நாலு சக்கரமும் இழுக்குற ஃபோர்-வீல்தான்னு.

இப்போ ஒரு டொயோட்டா ஹைலக்ஸ் வீகோ பார்த்து வச்சிருக்கேன். 3.0 டீசல், மேனுவல் கியர், டபுள் கேப். 2012 அக்டோபர்ல பதிவானது, சிஓஇ (வண்டி வச்சுக்கிறதுக்கான உரிமைச் சான்று) 10 வருஷத்துக்குப் புதுப்பிச்சாச்சு, 2032 அக்டோபர் வரைக்கும் இருக்கு. மீட்டர் 160,000 கிலோமீட்டர் காட்டுது. வெளியே பளபளன்னு இருக்கு. டீசல் எஞ்சின் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாது. சனிக்கிழமை பார்க்கப் போறேன். கையில என்ன எடுத்துட்டுப் போகணும், எங்க தட்டிப் பார்க்கணும்னு சொல்லுங்க அண்ணன்களே.

டீசல் மாமா:
தம்பி, போறதுக்கு முன்னாடி விக்கிறவருக்கு ஒரு மெசேஜ் போடு: "நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க." போனதும் முதல் வேலையா பானட்டு மேல உள்ளங்கையை வை. சூடா இருந்தா அன்னிக்கு பார்க்காதே, இன்னொரு நாள் வர்றேன்னு கிளம்பிடு. சூடான எஞ்சின் பாதி வியாதியை மறைச்சிடும்.

ஆறின எஞ்சினை நீயே ஸ்டார்ட் பண்ணு, பின்னாடி ஒரு ஆளை நிறுத்தி புகையைப் பார்க்கச் சொல்லு. வெள்ளைப் புகை தொடர்ந்து வந்து டீசல் நாத்தம் அடிச்சா, டீசலைப் பீய்ச்சுற இன்ஜெக்டர் பக்கம் கோளாறு. இனிப்பா வாசம் வந்தா கூலண்ட் உள்ளே போகுது, ஓடி வந்துடு. நீலப் புகைன்னா ஆயில் எரியுது. அழுத்தி மிதிக்கும்போது கொஞ்சம் கறுப்பு வந்தா பரவாயில்லை, மேகமாப் போனா விசாரிக்கணும்.

அப்புறம், எஞ்சின் ஓடிட்டு இருக்கும்போதே ஆயில் ஊத்துற மூடியைத் திருகிக் கழட்டி, அதே ஓட்டை மேல கவுத்து வை. லேசா நடுங்கினா சரி. குதிச்சு விழுந்தா, ஓட்டையிலிருந்து புகை மூச்சு மாதிரி விட்டு விட்டு வந்தா, பிஸ்டன் ரிங்கு தேஞ்சிருக்கு. ஆயில் கறுப்பா இருக்கேன்னு மட்டும் பயப்படாதே, டீசல்ல மாத்தின கொஞ்ச நாள்லயே கறுத்துடும். பால்காப்பி நிறத்துல இருந்தாத்தான் கவலை.

காக்கி புக்கிட் ஸ்பேனர்:
மாமா சொன்னது எல்லா டீசலுக்கும். இந்த வண்டிக்குன்னு ரெண்டு விஷயம் சேர்த்துக்கங்க. இது 1கேடிங்கிற டொயோட்டா டீசல் எஞ்சின். இன்ஜெக்டர் உட்கார்ற இடத்துல இருக்கிற செம்பு வாஷர் கசிய ஆரம்பிச்சா, எரிஞ்ச கேஸ் மேல்பக்கம் புகுந்து ஆயில்ல கரியைக் கலக்கும். அந்தக் கரி அடியில ஆயில் உறிஞ்சுற வடிகட்டியை அடைச்சுட்டா ஆயில் மேலே ஏறாது. எஞ்சின் செத்துப்போகும். அதனால இன்ஜெக்டர் சீல் எப்போ மாத்தினாங்கன்னு பில் கேளுங்க. பில் இல்லைன்னா மாத்தலைன்னே வச்சுக்கங்க.

இன்னொண்ணு டைமிங் பெல்ட். இதுல செயின் கிடையாது, பெல்ட்தான். 160,000னு சொன்னா அது ஏற்கெனவே மாத்தியிருக்கணும். மாத்தின தேதியும் கிலோமீட்டரும் எழுதின ஸ்டிக்கர் பெரும்பாலும் எஞ்சின் கவர்ல ஒட்டியிருப்பாங்க. அதையே மீட்டருக்குச் சாட்சியா வச்சுக்கலாம்: ஸ்டிக்கர்ல 210,000னு இருந்து மீட்டர்ல 160,000னு இருந்தா சிரிச்சுட்டு வந்துடுங்க. நான் ஒரு தடவை பார்த்திருக்கேன்.

உட்லண்ட்ஸ் கணக்கு அக்கா:
தம்பி, எஞ்சினை அவங்க பார்த்துக்கட்டும், நான் காகிதத்தைச் சொல்றேன். 2032ங்கிறது உங்க வண்டிக்கு முடிவு. சின்ன சரக்கு வாகனத்துக்கு மொத்த ஆயுளே 20 வருஷம்தான், அதுக்கப்புறம் புதுப்பிக்க முடியாது. கார் மாதிரி பார்ஃப் தள்ளுபடியும் (ஸ்கிராப் பண்ணும்போது வரியில ஒரு பங்கு திரும்பக் கிடைக்கிறது) கிடையாது. அதனால கேக்குற விலையை மிச்சமிருக்கிற மாசத்தால வகுத்துப் பாருங்க. பளபளப்புக்கு எவ்வளவு, சிஓஇக்கு எவ்வளவு கொடுக்குறீங்கன்னு அப்பத்தான் புரியும். நடுவுல ஸ்கிராப் பண்ணினா கையில வர்றது புதுப்பிச்சப்போ கட்டின தொகையில மிச்சக் காலத்துக்கானது மட்டும்தான்.

10 வருஷம் தாண்டின சரக்கு வண்டி, 6 மாசத்துக்கு ஒரு தடவை இன்ஸ்பெக்‌ஷன் போகணும். வேலை நாள் போகுது பாருங்க, அதையும் செலவா எழுதுங்க. வண்டி மேல கடன் பாக்கி இருக்கான்னு கேளுங்க. பின்னாடி கேனப்பி (மேல்மூடி), டெயில்லிஃப்ட் (சாமான் தூக்குற பலகை) ஏதாவது மாட்டியிருந்தா அதுக்கு எல்டிஏ (நிலப் போக்குவரத்து ஆணையம்) அனுமதி இருக்கான்னு எழுத்துல வாங்கிடுங்க.

துவாஸ் ஓட்டுநர்:
யாரும் அந்த நாலு சக்கர விஷயத்தைத் தொடவே இல்லையே? வாங்குறதே அதுக்குத்தானே!

சிங்கப்பூர்ல ஃபோர்-வீல் வண்டியோட பெரிய நோய் தேய்மானம் இல்லைங்க, சும்மா கிடந்தது. பத்து வருஷமா ஃபோர்-வீல் போடுற அந்தச் சின்ன லீவரை யாரும் தொட்டிருக்க மாட்டாங்க. விரைவுச்சாலையிலயும் மல்ட்டி ஸ்டோரி கார்பார்க்குலயும் அதுக்கு என்ன வேலை? ஒரு தடவைகூட போடாத ஃபோர்-வீல், தேவைப்படுற அன்னிக்கு வேலை செய்யாது.

கவனமா செய்ங்க. எச்2விலிருந்து (பின்சக்கரம் மட்டும் இழுக்கும்) எச்4க்கு (நாலும் இழுக்கும்) தள்ளிப் பாருங்க. எல்4க்கு (நாலும் இழுக்கும், மெதுவான கியர்) வண்டியை நிறுத்தி, கிளட்ச் அமுக்கித்தான் போடணும். டேஷ்போர்டுல விளக்கு அணையாம நிக்கணும், மினுக்கிட்டே இருந்தா முன்பக்கம் சேரலைன்னு அர்த்தம். ஆனா காஞ்ச தார் ரோட்டுல எச்4 போட்டு ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சுத் திருப்பாதீங்க. முன்சக்கரமும் பின்சக்கரமும் வேற வேற தூரம் சுத்தணும், ரெண்டையும் சேர்த்துக் கட்டினா, முன்னுக்கும் பின்னுக்கும் சக்தியைப் பிரிக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கும். லூஸ் கல் கிடக்கிற இடத்துல பாருங்க. அதைவிட நல்லது, ஒர்க்‌ஷாப்ல நாலு சக்கரமும் தூக்கி நிறுத்திப் போட்டுப் பார்க்கிறது. நாலு டயரும் ஒரே சைஸா, ஒரே அளவு தேஞ்சிருக்கான்னும் பாருங்க.

தூக்கினதும் சேஸியைச் சின்னச் சுத்தியலால தட்டுங்க, முக்கியமா பின் லீஃப் ஸ்ப்ரிங் மாட்டுற இடத்துல. "டங்"னு வரணும். "பொத்"துனு வந்தா உள்ளே துரு. அடியில மட்டும் புதுசா கறுப்புப் பெயிண்ட் அடிச்சிருந்தா ரெட்டிப்பா தட்டுங்க.

செம்பவாங் செடிக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. இன்னிக்குப் போய்ட்டு வந்தேன். பானட் குளிர்ச்சியாத்தான் இருந்தது. ஸ்டார்ட் பண்ணினதும் லேசா வெள்ளைப் புகை, ஒரு நிமிஷத்துல நின்னுடுச்சு. ஆயில் மூடி நடுங்குச்சு, குதிக்கலை. பெல்ட் ஸ்டிக்கர் இருக்கு, 148,000ல மாத்தினதா எழுதியிருக்கு. இன்ஜெக்டருக்கு பில் இல்லை.

ஆனா அந்தச் சின்ன லீவர்! ரெண்டு கையால இழுத்தும் அசையலை. விக்கிறவர் சிரிச்சுக்கிட்டே, "சிங்கப்பூர்ல யாருங்க இதைப் போடுறா?"ன்னு கேட்டார். என்ன சொல்றதுன்னு தெரியலை, "லிம் சூ காங்ல நான் போடுவேன்"னேன். அவருக்கும் முகம் மாறிடுச்சு. ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துட்டுப் போக ஒத்துக்கிட்டார். ஹாய்ஸ்ட்ல ஏத்தி மெக்கானிக் ரொம்ப நேரம் மல்லுக்கட்டினதும் லீவர் எச்4க்குப் போச்சு. முன்பக்கத்துக்குச் சக்தி கொண்டுபோற புரொபெல்லர் ஷாஃப்ட் சுத்துது, முன்சக்கரம் சுத்தலை, விளக்கு மினுக்கிட்டே இருந்தது. சேஸி நல்ல "டங்".

காக்கி புக்கிட் ஸ்பேனர்:
முன் டிஃபரென்ஷியலை (ரெண்டு முன்சக்கரத்துக்கும் சக்தியைப் பிரிக்கிறது) இணைக்கிற ஆக்சுவேட்டர் இறுகியிருக்கும். சும்மா கிடந்தா அப்படித்தான் ஆகும். சில சமயம் கழட்டி சுத்தம் பண்ணினாலே போதும், இல்லைன்னா மாத்தணும். முன்பக்க, பின்பக்க டிஃபரென்ஷியல், டிரான்ஸ்ஃபர் கேஸ், மூணுலயும் ஆயிலை வடிச்சுப் பாருங்க. தண்ணி கலந்து வெளுத்திருந்தா வேற கதை. இன்ஜெக்டர் சீல் மாத்துற செலவையும், அடியில சம்ப் (ஆயில் தேங்குற தொட்டி) கழட்டி வடிகட்டி பார்க்கிற செலவையும் விலையில கழிக்கச் சொல்லுங்க.

உட்லண்ட்ஸ் கணக்கு அக்கா:
அட்வான்ஸ் கொடுத்தா ரசீதுல எழுதி வாங்குங்க: "ஃபோர்-வீல் வேலை செய்தால்தான் வாங்குவேன், இல்லையென்றால் பணம் திரும்ப வேண்டும்." வாய்ப்பேச்சு வேண்டாம் தம்பி.

செம்பவாங் செடிக்காரன்:
எழுதி வாங்கிட்டேன் அக்கா. ஆக்சுவேட்டரை அவர் செலவுலயே சரி பண்றதா ஒத்துக்கிட்டார், இன்ஜெக்டர் செலவை விலையில குறைச்சுட்டார். ஆயில் மூணுலயும் தண்ணி இல்லை. அடுத்த வாரம் மறுபடியும் ஹாய்ஸ்ட்ல ஏத்துறோம். நாலு சக்கரமும் சுத்தினாத்தான் மிச்சப் பணம்.

துவாஸ் ஓட்டுநர்:
வாங்கின பிறகு மாசத்துக்கு ஒரு தடவை நர்சரி மண்ணுல எச்4 போட்டு பத்து நிமிஷம் ஓட்டுங்க.