மறுமொழி: வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும் – ‘தியரி ஆஃப் மைண்ட்’

ச. எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கான பயிற்சி மென்பொருள் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ‘தொடங்கு’, ‘வெளியேறு’, ‘மறுபடி முயல்க’ எல்லாம் முடிந்தன. முகப்புத் திரையின் தலைப்பில்தான் நிற்கிறேன்: ‘தியரி ஆஃப் மைண்ட்’. அடுத்தவருக்கும் எண்ணமும் விருப்பமும் நம்பிக்கையும் உண்டு, அவை நம்முடையவற்றிலிருந்து வேறுபடலாம் என்று புரிந்துகொள்ளும் திறனுக்கு இந்தப் பெயர். ‘மனக்கோட்பாடு’ என்று எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதுவே போதுமா?

அந்தத் தலைப்பு வரும் பொத்தானில் 16 எழுத்துக்குத்தான் இடம். புள்ளி, கொம்பு, கால் ஒவ்வொன்றையும் அந்த நிரல் தனி எழுத்தாக எண்ணுகிறது. வெள்ளிக்கிழமை கோப்பை அனுப்பியாக வேண்டும்.

பு. எழுதியது:

அன்புள்ள ச., புள்ளியை எழுத்தாக எண்ணும் நிரலுக்கு முதலில் யாராவது நன்னூல் சொல்லிக்கொடுங்கள்.

‘மனக்கோட்பாடு’ வேண்டாம். மனத்தைப் பற்றி அறிஞர் யாரோ வகுத்த கோட்பாடு என்றுதான் படிப்பவர் கொள்வார். இங்கே கோட்பாடு குழந்தையின் கையில் இருக்கிறது. ‘கொள்’ என்பதன் முதல் நீண்டு ‘கோள்’ ஆகி, ‘பாடு’ சேர்ந்து கோட்பாடு ஆயிற்று. ‘கோட்படுதல்’ என்றால் பிடிபடுதல், சிறைப்படுதல். மனத்தைச் சிறைப்பிடிக்கவா பயிற்சி?

நம்மிடம் சொல் ஆயத்தமாக இருக்கிறது: குறிப்பறிதல். வள்ளுவர் இந்தத் தலைப்பில் ஒன்றல்ல, இரண்டு அதிகாரம் வைத்தார். 71-ஆவது அமைச்சனுக்கு, 110-ஆவது காதலனுக்கு. ‘அடுத்தது காட்டும் பளிங்குபோல் நெஞ்சம் கடுத்தது காட்டும் முகம்’ என்பதைவிட உங்கள் மென்பொருள் புதிதாக என்ன சொல்லிவிடப்போகிறது? கேம்பிரிட்ஜில் உளவியலாளர் சைமன் பேரன்-கோஹன் குழுவினர் 412 உணர்வுகளை 24 தொகுதிகளாக்கி, நடிகர்களின் முகத்தையும் குரலையும் பதிந்து ஒரு மென்பொருள் செய்தார்கள் என்று படித்தேன். தொல்காப்பியர் நகை முதல் உவகை வரை எட்டு மெய்ப்பாடு, அதாவது உடலில் வெளிப்படும் உணர்வு, சொல்லி, ஒவ்வொன்றும் பிறக்கும் நான்கு நிலைக்களனும் சொன்னார். 32-இல் முடிந்த வேலை.

நா. எழுதியது:

ஐயா, 32-க்கும் 412-க்கும் உள்ள வழக்கைப் பிறகு பார்க்கலாம். குறிப்பறிதல் அழகான சொல். ஆனால் இந்த இடத்துக்குப் பொருந்தவில்லை.

1985-இல் பேரன்-கோஹன், ஆலன் லெஸ்லி, ஊட்டா ஃப்ரித் மூவரும் நடத்திய சோதனையை நினைத்துப்பாருங்கள். சாலி என்ற பொம்மை தன் கோலிக்குண்டைக் கூடையில் போட்டுவிட்டு வெளியே போகிறது. ஆன் அதை எடுத்துப் பெட்டியில் வைத்துவிடுகிறாள். சாலி திரும்பி வந்து எங்கே தேடுவாள்? ஆட்டிசம் உள்ள 20 குழந்தைகளில் 16 பேர் பெட்டியைக் காட்டினார்கள், குண்டு அங்கேதான் இருக்கிறது என்பதால். இப்போது சொல்லுங்கள், சாலியின் முகத்தில் என்ன குறிப்பு இருக்கிறது? அவள் பொம்மை. முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாலும் விடை கிடைக்காது. அவள் எதைப் பார்த்தாள், எதைப் பார்க்கவில்லை என்று கணக்கு வைக்க வேண்டும். வள்ளுவரின் அமைச்சன் அரசன் முகத்தைப் படிக்கிறான். இந்தக் குழந்தை சாலியின் நினைப்பைத் தானே உய்த்துணர வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை வைத்து அடுத்து நடப்பதை முன்கூட்டிச் சொல்வதால்தான் 1978-இல் பிரேமாக், உட்ரஃப் என்ற ஆய்வாளர்கள் சிம்பன்சியை முன்வைத்து இதைத் ‘தியரி’ என்றார்கள்.

பு. எழுதியது:

பொம்மைக்கு முகக்குறிப்பு இல்லை என்பது சரி. ஒப்புக்கொள்கிறேன், இன்று மட்டும்.

அப்படியானால் அளவை நூலார், அதாவது தருக்க நூலார், வழியில் போவோம். கயிற்றைப் பாம்பென்று கொள்வது திரிபு. ‘ஐயம் திரிபற’ என்று நாம் நாள்தோறும் சொல்வது அதைத்தான். குண்டு கூடையில் இருக்கிறது என்று சாலி கொண்டிருப்பதும் திரிபு. ஆகவே, ‘திரிபறிதல்’. எண்ணிப்பார்த்தேன், உங்கள் நிரலின் கணக்கிலேயே 10 எழுத்துதான்.

நா. எழுதியது:

கயிற்றைப் பாம்பென்றவன் பார்த்ததே தவறு. சாலி பார்த்தது சரி. அவள் போன பிறகுதான் உலகம் மாறியது. அவள் அறிவு பழையதாயிற்று, திரியவில்லை. மேலும், ‘தோன்றல் திரிதல் கெடுதல்’ படித்த எந்தப் பிள்ளைக்கும் திரிபறிதல் புணர்ச்சி இலக்கணமாகத்தான் படும்.

மீ. எழுதியது:

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். நான் சிறப்பாசிரியர். இந்தச் சொல்லை நாளைக்கு வகுப்பில் சொல்லப்போகிறவள்.

முதலில் ஒரு வேண்டுகோள். உள்பக்கத்தில் ‘மனநிலைப் பயிற்சி’ என்று ச. போட்டிருக்கிறார். அதை எடுத்துவிடுங்கள். ‘மனநிலை பாதிக்கப்பட்டவர்’ என்று செய்தித்தாளில் படித்துப் பழகிய பெற்றோர், அந்தத் தலைப்பைப் பார்த்ததுமே பிள்ளையை அழைத்துக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள்.

இனி என் அனுபவம். திரையில் ஒருவர் தலைக்குமேல் குமிழி வரைந்து, அதற்குள் கூடையைப் போட்டுக் காட்டினால் சில பிள்ளைகளுக்குப் பிடிபடுகிறது. ஆனால் திரையில் கற்றது திரையிலேயே நின்றுவிடுகிறது. 1996-இல் ஸ்வெட்டன்ஹாம் என்ற ஆய்வாளர் இதே சாலி விளையாட்டைக் கணினியில் ஏற்றிக் கற்பித்தபோதும் அதுதான் நடந்தது. பிள்ளைகள் விளையாட்டைத் தேறினார்கள். தோற்றம் மாறிய வேறு சோதனையில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் தடுமாறினார்கள். ஆகவே, தலைப்பு மிகப்பெரிய வாக்குறுதி தராமல் இருந்தால் எனக்கு நல்லது.

இன்னொன்று. நாம் பெயர்ச்சொல்லையே தேடுகிறோம். வகுப்பில் உதவுவது வினைச்சொல். ‘குண்டு கூடையில் இருக்கிறது என்று நினைக்கிறாள்’ என்பதைவிட ‘நினைத்துக்கொண்டிருக்கிறாள்’ என்று சொன்னால், அது அப்படி இல்லை என்பதும் பாதி தெரிந்துவிடுகிறது. என் வாக்கு ‘அவள் நினைப்பது’ என்பதற்கு.

பு. எழுதியது:

அம்மா, அந்தக் ‘கொண்டிரு’ பற்றித் தனியாக ஒரு கட்டுரையே எழுதலாம். எழுதுங்கள், நான் பிழை பார்த்துத் தருகிறேன். ஆனால் ‘அவள் நினைப்பது’ கலைச்சொல் ஆகாது. பக்கத்து வீட்டுப் பேச்சு.

வே. எழுதியது:

எட்டு வயது மகனுக்குத் தகப்பன் என்ற முறையில் எழுதுகிறேன். ஆட்டிசத்துக்கு ‘மதியிறுக்கம்’ என்று யாரும் கொண்டுவராததற்கு நன்றி. என் மகனின் மதி இறுகவில்லை. ஆட்டிசம் ஆட்டிசமாகவே இருக்கட்டும்.

‘பிறர்மனம் அறிதல்’ என்று வைக்கலாமே? அடுத்த வீட்டுப் பாட்டிக்கும் புரியும். ஒரே தயக்கம், பிறர் என்றால் யார்? 2012-இல் டேமியன் மில்ட்டன், தாமே ஆட்டிசம் உள்ளவர், இந்தப் புரியாமை இருபுறமும் இருக்கிறது என்று எழுதினார். பஸ்ஸில் என் மகன் காதைப் பொத்திக்கொள்ளும்போது திரும்பி முறைப்பவர்களுக்கு அவன் மனம் புரிவதில்லை. அவர்களும் அந்தப் பொத்தானை அழுத்தட்டும்.

ச. எழுதியது:

வே. தந்ததை இடைவெளியோடு எண்ணினேன், மிகச் சரியாக 16. நா.வும் மீ.யும் தனிமடலில் சம்மதம் சொன்னார்கள். மீ.யின் சம்மதத்தில் ஒரு பெருமூச்சு கலந்திருந்தது. ‘பிறர்மனம் அறிதல்’ முகப்புக்கு. ‘அவள் நினைப்பது’, ‘அவன் நினைப்பது’ உள்ளே குமிழிகளின்மேல். முகங்களைப் பார்த்து உணர்வு சொல்லும் பகுதிக்குக் ‘குறிப்பறிதல்’, பு. ஐயாவுக்காக அல்ல, அங்கே அது பொருந்துகிறது. ‘மனநிலை’ போய்விட்டது. விளக்கத்தில் ‘பிறர் மனதை’ என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

பு. எழுதியது:

மனத்தை! மரத்தை, குளத்தை, மனத்தை. அத்துச் சாரியை எங்கே போயிற்று?

நா. எழுதியது:

மனது என்றும் ஒரு சொல் உண்டு ஐயா. மனது, மனதை.

பு. எழுதியது:

அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். ச.வுக்கு ஓர் எச்சரிக்கை மட்டும். நீங்கள் தேர்ந்த தலைப்பில் ஒரு மகர மெய் நழுவி ஐகாரம் ஏறிவிட்டால் ‘பிறர்மனை அறிதல்’ ஆகிவிடும், அதற்கும் வள்ளுவர் தனி அதிகாரம் வைத்திருக்கிறார். அனுப்பிய கோப்பை இன்னொருமுறை திறந்து பாருங்கள். முகப்பிலும் என் வாக்கு குறிப்பறிதலுக்கே.