ரவுட்டரில் கை வைக்கும் முன் என்ன பார்க்கிறீர்கள்? அனுபவங்களைப் பகிரலாம்

உட்லண்ட்ஸ்வாசி:

வலையமைப்புப் பணியில் எனக்குப் பன்னிரண்டு ஆண்டு அனுபவம். ஆனாலும் சிங்கப்பூரின் துவாஸில் ஒரு கிடங்கில் நடந்தது இன்னும் மனத்தை விட்டுப் போகவில்லை. இத்துறைக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன்.

அங்கிருந்த சிஸ்கோ ரவுட்டரில், எந்தப் போக்குவரத்தை விடலாம், எதைத் தடுக்கலாம் என்று சொல்லும் அணுகல் பட்டியலை மாற்ற வேண்டும். இரவு 2 மணி. வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினி. பழைய பட்டியலை நீக்கிவிட்டு, தயாராக வைத்திருந்த 14 வரிகளை மொத்தமாக ஒட்டினேன். முதல் வரி திரையில் வந்தது. இரண்டாவது வரி பாதியில் நின்றது. எந்த விசையைத் தட்டியும் அசைவில்லை.

சிஸ்கோவின் இயக்க மென்பொருளான ஐஓஎஸ்ஸில் ஒவ்வொரு வரியும் நுழைந்த கணமே நடைமுறைக்கு வந்துவிடும். பட்டியல் இல்லாதவரை எல்லாப் போக்குவரத்தையும் ரவுட்டர் விட்டுவிடும். முதல் வரி நுழைந்ததும், கடைசியில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் 'மற்றதெல்லாம் மறுப்பு' உயிர் பெற்றுவிடும். என் இணைப்பை அனுமதிக்கும் வரி ஆறாவதாக இருந்தது. அது போய்ச் சேரவே இல்லை.

டாக்ஸி பிடித்துத் துவாஸ் போனேன். காவலாளி அடையாள அட்டையை வாங்கி ஏட்டில் பதிந்துகொண்டு கதவைத் திறந்தார். நான் எதையும் சேமித்திருக்கவில்லை. அதனால் மின்சாரத்தை அணைத்துப் போட்டதும் ரவுட்டர் பழைய அமைப்போடு எழுந்தது. பச்சை விளக்கு வரும்வரை அந்தச் சில நிமிடங்கள் என் கை நடுங்கியது. விடிந்தால் லாரிகள் வரிசையில் நிற்கும்.

இப்போது தொலைவிலிருந்து எதைத் தொட்டாலும் முதலில் 'ரீலோட் இன் 10' கொடுத்துவிடுகிறேன். இணைப்பு அறுந்தால் பத்து நிமிடத்தில் ரவுட்டர் தானாகவே மறுதொடக்கமாகி, சேமித்த அமைப்புக்குத் திரும்பும். எல்லாம் சரியென்றால் 'ரீலோட் கேன்சல்' கொடுத்த பிறகே சேமிப்பேன். பட்டியலையும் புதுப் பெயரில் முழுவதுமாக எழுதி, வரி வரியாகப் படித்துப் பார்த்துவிட்டு, ரவுட்டரின் இணைப்பு வாயிலான இன்டர்ஃபேஸில் ஒரே கட்டளையில் மாற்றுகிறேன். உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

காக்கி புக்கிட் மலர்:

அண்ணா, படிக்கும்போதே வயிற்றைக் கலக்கியது. எனக்கு ஜூனிப்பர் ரவுட்டர்தான் பழக்கம். அதில் மாற்றம் முதலில் வரைவாகவே நிற்கும். 'கமிட்' கொடுத்தால்தான் நடைமுறைக்கு வரும். அதற்கு முன் 'ஷோ கம்பேர்' போட்டால், சேரும் வரிகள் கூட்டல் குறியோடும் போகும் வரிகள் கழித்தல் குறியோடும் தெரியும்.

ஒரு நாள் ஒரே ஒரு பிஜிபி அண்டையை, அதாவது வழித்தகவலைப் பரிமாறிக்கொள்ளும் மறுபக்க ரவுட்டரை, அமைப்பிலிருந்து நீக்கப் போனேன். அதன் முகவரியைத் தட்டாமல், குழுவின் பெயரோடு கட்டளையை முடித்துவிட்டேன். ஒப்பிட்டுப் பார்த்தால் திரை நெடுகக் கழித்தல் குறிகள்! எண்ணினேன்: பதினொன்று. ஒரு வரிதானே போக வேண்டும்? 'ரோல்பேக் 0' கொடுத்து வரைவைக் கலைத்தேன். கட்டளைகள் முறையாக இருக்கின்றனவா என்று பார்க்கும் 'கமிட் செக்' மட்டும் போட்டிருந்தால் இது பிடிபட்டிருக்காது. குழுவையே நீக்குவதும் அதன் கணக்கில் முறையான கட்டளைதான்.

'கமிட் கன்ஃபர்ம்டு' பற்றியும் சொல்ல வேண்டும். பத்து நிமிடத்துக்குள் மறுபடி 'கமிட்' கொடுத்து உறுதி செய்யாவிட்டால், பழைய அமைப்பு தானாகத் திரும்பிவிடும். ஒருமுறை வேலை முடிந்தது என்று தேநீர் போடப் போய்விட்டேன். வந்து பார்த்தால் செய்ததெல்லாம் மறைந்திருந்தது. அதனால் இப்போது கைப்பேசியில் ஏழு நிமிடத்துக்கு மணி வைக்கிறேன்.

சிராங்கூன் சாலை:

சிறு கடைகளுக்கு மைக்ரோடிக் ரவுட்டர் பொருத்துகிறேன். அதில் கன்ட்ரோல் எக்ஸ் அழுத்தினால் பாதுகாப்பு நிலை. இணைப்பு துண்டிக்கப்பட்டால் அந்த நிலையில் செய்தவை திரும்பப் பெறப்படும். அதற்கு ஒன்பது நிமிடம்வரை ஆகலாம். பதறி மின்சாரத்தைப் பிடுங்காமல் காத்திருங்கள். ஆனால் நூறு செயலுக்கு மேல் போனால் அந்தப் பாதுகாப்பு தானாகவே விலகிவிடும். நீளமான கோப்பை மொத்தமாக ஒட்டுபவர்கள் இதை மறக்கக் கூடாது.

உட்லண்ட்ஸ்வாசி:

மலர், நீங்கள் சொன்ன பதினொரு கழித்தல் குறிகளை எங்கள் குழுவினரிடம் சொல்லப் போகிறேன். கருவி 'சரி' என்று சொல்வதும், நாம் நினைத்ததுதான் நடக்கப் போகிறது என்பதும் வேறு வேறு. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் ஏறத்தாழ ஆறு மணி நேரம் முடங்கியதே, அதிலும் தவறான கட்டளையைத் தடுக்க வேண்டிய சோதனைக் கருவியிலேயே ஒரு பிழை இருந்ததாக அந்த நிறுவனமே எழுதியது.

அதனால் எங்கள் குழுவில், எத்தனை வரி சேரும், எத்தனை வரி போகும் என்பதை முன்கூட்டியே தாளில் எழுதி வைக்கிறோம். ஒப்பீட்டில் எண்ணிக்கை ஒன்று பிசகினாலும் அன்றிரவு அந்த மாற்றம் கிடையாது. போன வியாழன் இரவு அதே துவாஸ் ரவுட்டரில் மூன்று வரி சேர வேண்டிய இடத்தில் நான்கு வந்தது. நான்காவது, பகலில் வேறொருவர் சோதித்துவிட்டு எடுக்க மறந்த வரி. அவரைக் கேட்காமல் தொட வேண்டாம் என்று மடிக்கணினியை மூடிவிட்டுப் படுத்தேன்.