ஹார்டுவேர் விவரம் பாதி கம்ப்யூட்டரில் வரவில்லை, ராமும் தப்பாகக் காட்டுகிறது – அவசரம்

புது_அட்மின்:
எல்லாருக்கும் வணக்கம். மானிட்டரிங் சாஃப்ட்வேரில் எல்லா கம்ப்யூட்டரையும் சேர்த்துவிட்டேன். சிபியு, டிஸ்க் கிராஃப் எல்லாம் அழகாக வருகிறது. ஆனால் சீரியல் நம்பர் சிலதில் வருகிறது, சிலதில் காலி. ராம் 16 ஜிபி இருக்கிற மெஷினில் 8 என்று காட்டுகிறது. ஆடிட்டுக்கு லிஸ்ட் கொடுக்க வேண்டும். என்ன செட்டிங் மாற்ற வேண்டும்? சீக்கிரம் சொல்லுங்கள் ப்ளீஸ்.

கேபிள்_கட்டு:
எந்த சாஃப்ட்வேர்? விண்டோஸா லினக்ஸா?

நெட்வொர்க்_நாடோடி:
ஃபயர்வால்தான், சந்தேகமே வேண்டாம். விண்டோஸ் தன் விவரங்களைச் சொல்லும் வசதியான டபிள்யூஎம்ஐ தூரத்திலிருந்து வேலை செய்ய 135 போர்ட் மட்டும் திறந்தால் போதாது. முதல் பேச்சு 135-இல் நடக்கும், அப்புறம் 49152 முதல் 65535 வரை ஏதோ ஒரு போர்ட்டுக்குத் தாவும். வராத மெஷின்களில் அதைத் திறந்து பாருங்கள்.

மூத்த_கன்சோல்:
கேள்வி கேட்பது எப்படி என்று இந்தப் பகுதியின் மேலேயே ஒட்டி வைத்திருக்கிறோம். யாரும் படிப்பதில்லை. சாஃப்ட்வேர் பெயர், பதிப்பு, ஏஜென்ட் (ஒவ்வொரு மெஷினிலும் போடும் சின்னப் புரோகிராம்) உண்டா இல்லையா, எந்த ஐட்டத்தில் (ஒரு விவரத்தை எடுக்கும் அமைப்பில்) எடுக்கிறீர்கள், என்ன பிழைச்செய்தி. இவை இல்லாமல் பதில் சொல்ல இங்கே யாரும் ஜோசியர் இல்லை.

புது_அட்மின்:
மன்னிக்கவும் சார். ஜாபிக்ஸ். எல்லாவற்றிலும் ஏஜென்ட் போட்டிருக்கிறேன். பெரும்பாலும் விண்டோஸ் 10, புதிதாக வந்தவை விண்டோஸ் 11, கொஞ்சம் லினக்ஸ்.

கேபிள்_கட்டு:
ஏஜென்ட் இருந்தால் ஃபயர்வால் கதை இங்கே பொருந்தாது. ஏஜென்ட் அந்த மெஷினுக்குள்ளேயே உட்கார்ந்து டபிள்யூஎம்ஐயைக் கேட்கிறது, வெளியே வருவது பதில் மட்டும்தான். கிராஃப் வருகிறது என்றால் அந்த வழி திறந்தே இருக்கிறது.

ஒரு கேள்வி: ராம் சரியாகக் காட்டும் மெஷின்களில் எத்தனை ராம் ஸ்டிக் போட்டிருக்கிறது?

நெட்வொர்க்_நாடோடி:
என் அனுபவத்தில் பத்துக்கு ஒன்பது தடவை ஃபயர்வால்தான். திறந்து பார்ப்பதில் என்ன நஷ்டம்?

கேபிள்_கட்டு:
ஆபீஸ் முழுவதும் பதினாறாயிரம் போர்ட்டைத் திறந்து வைப்பது நஷ்டம் இல்லையா அண்ணே!

பயாஸ்_பைத்தியம்:
பயாஸ் (மெஷினை எழுப்பும் மதர்போர்டு மென்பொருள்) அப்டேட் செய்யுங்கள். பழைய பயாஸில் மெமரி டேபிள் அரைகுறையாக இருக்கும். என்னிடம் ஒரு போர்டு இப்படித்தான் இரண்டாவது ஸ்லாட்டையே மறைத்தது.

புது_அட்மின்:
திறந்து பார்த்தேன். ஒரே ஸ்டிக் இருக்கிற மெஷினில் சரியாகத்தான் வருகிறது. 8+8 இருப்பதில் 8 வருகிறது. ஒன்றில் 4+8 இருக்கிறது, அதில் 4 வருகிறது.

கேபிள்_கட்டு:
அப்படியானால் பயாஸும் இல்லை, ஃபயர்வாலும் இல்லை. நீங்கள் ஐட்டத்தில் வைத்திருப்பது 'டபிள்யூஎம்ஐ டாட் கெட்', வினவல் 'பிசிக்கல் மெமரி' வகுப்பின் கெப்பாசிட்டி. சரியா? அந்த வகுப்பில், அதாவது டபிள்யூஎம்ஐயின் அந்த அட்டவணையில், ஒவ்வொரு ஸ்டிக்கும் ஒரு தனி வரிசை. 'கெட்' முதல் வரிசையை மட்டும்தான் திருப்பித் தரும். மிச்ச ஸ்டிக்கை அது கேட்பதே இல்லை.

'டபிள்யூஎம்ஐ டாட் கெட்ஆல்' என்று மாற்றுங்கள். எல்லா ஸ்டிக்கும் ஜேஸன் என்ற எழுத்து வடிவில் வரும். முன்செயலாக்கத்தில், அதாவது மதிப்பைச் சேமிக்கும் முன், அதிலிருந்து எண்களை எடுக்கும் ஜேஸன்பாத் வைத்துக் கூட்டிக்கொள்ளலாம். ஸ்லாட் வாரியாக வேண்டாம், மொத்தம் போதும் என்றால் 'கம்ப்யூட்டர் சிஸ்டம்' வகுப்பில் டோட்டல் பிசிக்கல் மெமரி இருக்கிறது. ஆனால் அது ஹார்டுவேர் தனக்கென்று ஒதுக்கிக்கொண்டதைக் கழித்த கணக்கு. 16 என்று நேராக வராது, சற்றுக் குறைவாக வரும். அதை எழுதிக் கொடுத்தால் ஆடிட்டர் 'மீதி எங்கே' என்று கேட்பார்.

மூத்த_கன்சோல்:
இது ஆவணத்தில் முதல் வரியிலேயே இருக்கிறது. 'முதல் பொருளைத் திருப்பும்' என்று. படித்திருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது.

கிடங்குக்_கணக்கு:
எல்லாரும் தப்பான இடத்தில் மல்லுக்கட்டுகிறீர்கள். ஜாபிக்ஸ் கண்காணிக்க. சொத்துப் பட்டியலுக்கு ஜிஎல்பிஐ அல்லது ஓசிஎஸ் இன்வென்டரி. அதன் ஏஜென்டைப் போட்டுவிட்டால் ராம், டிஸ்க், மானிட்டர் சீரியல் வரை தானே எடுத்துக்கொள்ளும். நிமிடத்துக்கு ஒரு தடவை சிபியு பார்க்கிற கருவியில், வருஷத்துக்கு ஒரு தடவை மாறுகிற சீரியல் நம்பரை எதற்கு எடுக்க வேண்டும்?

கேபிள்_கட்டு:
ஐட்டத்தின் இடைவெளியை நாளுக்கு ஒன்று என்று வைத்தால் முடிந்தது. ஏற்கெனவே எல்லா மெஷினிலும் ஒரு ஏஜென்ட் இருக்கும்போது இன்னொன்றை ஏற்றி, அதற்கும் அப்டேட் பார்க்க வேண்டுமா?

கிடங்குக்_கணக்கு:
ஒரு ராம் எண்ணுக்கு ஜேஸன்பாத் எழுதச் சொல்கிற நீங்கள் வேலை மிச்சம் பிடிப்பதைப் பற்றிப் பேசுகிறீர்கள். நல்ல கதை.

இரவு_ஷிப்ட்:
இரண்டு பேருக்கும் ஒன்று. எந்தக் கருவியைப் போட்டாலும் சீரியல் நம்பர் வருவது மதர்போர்டின் எஸ்எம்பயாஸ் டேபிளிலிருந்துதான், தயாரிப்பாளர் எழுதி வைக்கும் விவரப் பட்டியல் அது. அசெம்பிள் செய்த மெஷினில் அங்கே 'டீஃபால்ட் ஸ்ட்ரிங்' என்றோ 'டு பி ஃபில்டு பை ஓஇஎம்' என்றோ இருக்கும். போர்டு தயாரிக்கும்போது நிரப்பாமல் விட்ட இடம் அது. ஜாபிக்ஸ் கேட்டாலும் அதுதான், ஜிஎல்பிஐ கேட்டாலும் அதுதான்.

பட்டியல் கருவிகளில் இன்னொரு வம்பு உண்டு. சீரியல் ஒன்றாக இருந்தால் இரண்டு மெஷினை ஒரே மெஷின் என்று சேர்த்துவிட வாய்ப்பிருக்கிறது. அதற்காகவே ஓசிஎஸ்ஸில் இந்த மாதிரிப் போலி சீரியல்களை ஒதுக்கி வைக்கத் தனிப் பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். அசெம்பிள் மெஷினுக்கு அதன் தனி அடையாள எண்ணான யூயூஐடி அல்லது டிஸ்க் சீரியலைப் பாருங்கள், இல்லாவிட்டால் கேபினட்டில் ஸ்டிக்கர் ஒட்டி அந்த எண்ணை எழுதுங்கள். ஸ்டிக்கர்தான் எனக்குப் பிடித்தது.

கிடங்குக்_கணக்கு:
டிஸ்க் மாற்றினால் டிஸ்க் சீரியல் மாறும்.

இரவு_ஷிப்ட்:
அதனால்தான் ஸ்டிக்கர் என்றேன்.

புது_அட்மின், காலியாக வருகிறவை எவை? புது விண்டோஸ் 11 மெஷின்களா? சீரியலை எப்படி எடுக்கிறீர்கள் என்று இன்னும் சொல்லவில்லையே.

புது_அட்மின்:
ஆமாம், புதிது எல்லாம் காலி. லினக்ஸும் காலி. சீரியலுக்கு எனக்கு முன்னால் இருந்தவர் யூசர்பாராமீட்டரில் (ஏஜென்ட் ஓட்டும் நம் சொந்தக் கமாண்ட்) ஒரு வரி எழுதி வைத்திருக்கிறார். டபிள்யூஎம்ஐசி பயாஸ் கெட் சீரியல்நம்பர் என்று.

இரவு_ஷிப்ட்:
இதை முதலிலேயே சொல்லியிருந்தால்! டபிள்யூஎம்ஐசி என்ற கமாண்டை விண்டோஸ் 10 21எச்1 காலத்திலேயே கைவிடப்போவதாக அறிவித்துவிட்டார்கள். விண்டோஸ் 11 24எச்2 புதிதாக நிறுவினால் அது கூடவே வருவதில்லை. கமாண்டே இல்லாத மெஷினில் சீரியல் எங்கிருந்து வரும்?

போனது அந்தக் கமாண்ட் மட்டும்தான், உள்ளே இருக்கும் டபிள்யூஎம்ஐ அப்படியே இருக்கிறது. யூசர்பாராமீட்டரைத் தூக்கிவிட்டு, சீரியலுக்கும் 'டபிள்யூஎம்ஐ டாட் கெட்' ஐட்டம் போடுங்கள். பயாஸ் வகுப்பில் ஒரே வரிசைதான், அதனால் இங்கே 'கெட்' போதும்.

லினக்ஸ் தனிக்கதை. அங்கே சீரியல் இருக்கும் கோப்பை ரூட் என்ற முழு அதிகாரப் பயனர் மட்டுமே படிக்க முடியும். ஏஜென்ட் ஜாபிக்ஸ் என்ற சாதாரணப் பயனராக ஓடுகிறது.

நெட்வொர்க்_நாடோடி:
அப்படியென்றால் ஏஜென்டை ரூட்டாக ஓட விடுங்கள். ஒரே வரி.

இரவு_ஷிப்ட்:
வேண்டவே வேண்டாம். ஒரு சீரியல் நம்பருக்காக நெட்வொர்க்கில் காது கொடுத்து நிற்கிற புரோகிராமுக்கு வீட்டுச் சாவியைக் கொடுப்பதா? டிஎம்ஐடிகோட் கமாண்டில் சீரியல் கேட்கும் அந்த ஒரு வரிக்கு மட்டும் சுடோவில் (ரூட் அதிகாரத்தைக் கடன் கொடுக்கும் வழி) அனுமதி கொடுங்கள்.

மூத்த_கன்சோல்:
இதற்கு ஏற்கெனவே ஒரு இழை இருக்கிறது. தேடிப் பார்த்திருக்கலாம்.

புது_அட்மின்:
ராம் சரியாகிவிட்டது. புது மெஷின்களிலும் சீரியல் வந்துவிட்டது. லிஸ்ட் அனுப்பிவிட்டேன். எல்லாருக்கும் நன்றி 🙏

கேபிள்_கட்டு:
லினக்ஸ்?

கிடங்குக்_கணக்கு:
ஆள் போய்விட்டார். அடுத்த ஆடிட்டுக்கு வருவார்.

பிக்சல்_பாண்டி:
இந்த இழையைப் பார்த்து நானும் 'வீடியோ கன்ட்ரோலர்' வகுப்பில் அடாப்டர் ராம் எடுத்தேன். என்னிடம் இருப்பது 8 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு. 4 ஜிபி என்று வருகிறது. கெட்ஆல் போட்டும் அதேதான்.

இரவு_ஷிப்ட்:
அது வேறு. அந்தப் புலம் 32 பிட் எண். 4 ஜிபிக்கு மேல் அதில் எழுதவே இடமில்லை. விண்டோஸ் செட்டிங்குகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் டிஸ்ப்ளே டிரைவரின் கிளாஸ் கீயில் 'ஹார்டுவேர் இன்ஃபர்மேஷன் டாட் க்யூடபிள்யூ மெமரி சைஸ்' என்ற மதிப்பைப் பாருங்கள், சரியான அளவு அங்கே இருக்கும்.

பயாஸ்_பைத்தியம்:
கார்டின் பயாஸையும் ஒருமுறை அப்டேட் செய்து பாருங்கள் ப்ரோ.