ஃபேண்டசி பேட்டில் 6ஆம் பதிப்பு: பழைய எம்பயர், ஓர்க் படைகளோடு எங்கே தொடங்குவது?

யீஷூன்_படை
வணக்கம். சிறு பொம்மைப் படைகளை வைத்து மேசையில் ஆடும் போர் விளையாட்டான வார்ஹாமர் ஃபேண்டசி பேட்டில் 6ஆம் பதிப்பு விதிநூல் காரோசெல்லில் கிடைத்தது. கூடவே எம்பயர், ஓர்க் மினியேச்சர்கள் ஒரு பெட்டி நிறைய. பிளாஸ்டிக்கும் உலோகமும் கலந்திருக்கின்றன; எல்லாவற்றிலும் பெயிண்ட் அப்பிக் கிடக்கிறது. எம்பயர் ஆட்களில் பாதிப் பேர் 20 மி.மீ. சதுர பேஸில் (அடித்தட்டில்), மீதிப் பேர் 25இல் நிற்கிறார்கள். நானும் தங்கச்சியும் நாலறை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் விளையாடப்போகிறோம். 7ஆம் பதிப்பு ஆர்மி புக்தான் (ஒரு படையின் ஆட்களும் புள்ளிகளும் உள்ள புத்தகம்) சுலபமாகக் கிடைக்கிறது, சேர்த்து ஆடலாமா? படையின் மொத்த மதிப்பு எத்தனை புள்ளியில் தொடங்கினால் விதிகள் பிடிபடும்?

சதுரத்தளம்
சேர்க்காதீர்கள். 6ஆம் பதிப்பு 2000இல் வந்தது, 7ஆவது 2006இல். பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் ரேங்க் போனஸுக்கு (பின்வரிசைகளுக்குக் கிடைக்கும் கூடுதல் புள்ளிக்கு) 6இல் 4 பேர் அகலம் போதும், 7இல் 5 பேர் வேண்டும். புள்ளிக் கணக்கும் மாறியிருக்கிறது. 2008இல் வந்த டீமன்ஸ் ஆஃப் கேயாஸ் போன்ற புத்தகத்தை 6ஆம் பதிப்புப் படைக்கு எதிரே வைத்தால் ஆட்டமே இருக்காது. உங்கள் இரண்டு படைகளுக்கும் 6ஆம் பதிப்புப் புத்தகங்கள் உண்டு. அவை கைக்கு வரும்வரை 2000இல் வந்த ரேவனிங் ஹோர்ட்ஸ் பட்டியல் போதும். மெல்லிய புத்தகம், எல்லாப் படையும் அதில் அடங்கும்.

முதலில் 500 புள்ளி, பிறகு 1000. 2000க்குக் கீழே லார்ட் (உயர்மட்டத் தலைவர்) கிடையாது. கதாபாத்திரங்கள் அதிகபட்சம் 3, கோர் (அடிப்படைப் பிரிவுகள்) குறைந்தது 2, ஸ்பெஷல் (சிறப்புப் பிரிவுகள்) 3 வரை, ரேர் (அரிய பிரிவு) ஒன்றுதான். மாயத்தை முதல் சில ஆட்டங்களுக்குத் தள்ளி வையுங்கள். மாயத்துக்கு உருட்டும் பவர் டைஸ் கணக்கு பிறகு தானாக வரும்.

இந்தப் பதிப்பின் உயிர் சண்டை முடிவுக் கணக்கில்தான் இருக்கிறது: இரு தரப்பும் சாய்த்தவர்களையும் போனஸையும் கூட்டும், குறைந்தவர் தோற்பார். 4 அகலம், 5 ஆழம் என்று கொடியோடு 20 காலாட்கள் நிற்கிறார்கள் என வையுங்கள். அதேபோல் கொடியோடு 5 கவசக் குதிரைவீரர் நேருக்கு நேர் பாய்ந்து 3 பேரைச் சாய்க்கிறார்கள்; பதிலடியில் யாரும் விழவில்லை. குதிரைக்கு 3 + கொடி 1 = 4. காலாட்படைக்கு ரேங்க் 3, கொடி 1, எண்ணிக்கையில் மிகுந்ததற்கு 1 = 5. குதிரைவீரர் தோற்றுவிட்டார்கள்! அதே ஐவர் பக்கவாட்டில் பாய்ந்தால் ரேங்க் போனஸ் மொத்தமும் போய்விடும், ஃபிளாங்குக்கு (பக்கவாட்டுத் தாக்குதலுக்கு) 1 கூடும். இப்போது 5க்கு 2. காலாட்களின் மன உறுதி எண்ணான லீடர்ஷிப் 7இலிருந்து வித்தியாசம் 3 கழிய, இரண்டு பகடையில் 4 அல்லது அதற்குக் கீழே விழ வேண்டும். அது ஆறில் ஒரு வாய்ப்புதான். காலாட்படை ஓடிவிடும். பக்கவாட்டிலிருந்து ரேங்கை அழிக்க யூனிட் ஸ்ட்ரெங்த் (பிரிவின் பலக் கணக்கு) 5 வேண்டும். காலாளுக்கு 1, குதிரைவீரனுக்கு 2 என்பதால், அடிபட்டு மிஞ்சிய 2 குதிரைவீரரை ஃபிளாங்கில் விட்டால் ரேங்க் அப்படியே நிற்கும். புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான்.

8ஆம் பதிப்பு காணொளிகளைப் பார்த்துப் பழகாதீர்கள். அதில் விழுந்தவன் இடத்துக்குப் பின்னால் இருப்பவன் வந்து அடிப்பான். 6இல் அப்படியில்லை: முன்வரிசையில் செத்தவனின் அடி அந்தச் சுற்றுக்குப் போனது போனதுதான். அதனால்தான் யார் முதலில் சார்ஜ் செய்கிறார் (பாய்கிறார்) என்பது இவ்வளவு முக்கியம்.

தெக்கா_தூரிகை
பேஸ் விஷயம். எம்பயர் காலாட்களுக்கு 20, ஓர்க்குகளுக்கு 25, குதிரைக்கும் பன்றிக்கும் 25×50. இதன் பின்வந்த விளையாட்டான தி ஓல்டு வேர்ல்டில் மனிதர்களுக்கு 25 ஆக்கிவிட்டார்கள். உங்கள் பெட்டியில் கலந்திருப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். எல்லாரையும் 20க்கு மாற்றுங்கள். பின்னால் ஓல்டு வேர்ல்டு ஆட நினைத்தால், 25 மி.மீ. இடைவெளி வெட்டிய டிரேயில் 20 பேஸை உட்கார வைக்கலாம். 25ஐ 20க்குள் திணிக்க முடியாது.

பெயிண்ட் நீக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போதும். மூடியுள்ள டப்பாவில் சில மணி நேரம் ஊறவிட்டு, பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள். கையுறை, திறந்த ஜன்னல் இரண்டும் அவசியம். அடுப்பங்கரை பக்கம் போகாதீர்கள், பற்றிக்கொள்ளும். அசிட்டோன் கலந்த நகப்பூச்சு நீக்கி வேண்டாம், பிளாஸ்டிக் உருகிக் கொழகொழத்துவிடும். மிகப் பழைய உலோக ஆட்களில் ஈயம் இருக்கலாம்: அரம் போட்டால் ஈரத்துணியால் துடைத்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சாப்பாட்டு மேசையில் அந்த வேலை கூடவே கூடாது. உலோகக் கைகள் வெறும் சூப்பர் குளூவில் நிற்காது, 1 மி.மீ. துளை போட்டு, கம்பித் துண்டு செருகி ஒட்டுங்கள்.

ஸ்பிரே வார்னிஷ் நம் ஊர் ஈரப்பதத்தில் வெள்ளையாகப் பூத்துவிடும். விடியற்காலையில் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டுகிறது. மழையில்லாத நாளில் நடுப்பிற்பகலில் 60க்கு அருகே இறங்கும். அடிப்பதானால் அப்போது அடியுங்கள். தாழ்வாரத்தில் அடித்தால் பக்கத்து வீட்டுத் துணியில் படியும். புளோக்கில் இருப்பவர்களுக்குத் தூரிகையால் பூசும் பிரைமரும் வார்னிஷும்தான் என் பரிந்துரை.

யீஷூன்_படை
மிக்க நன்றி. மேசை அளவு எவ்வளவு வேண்டும்? ஒரு பீரங்கியும் இருக்கிறது, அதை எப்படிக் குறிவைப்பது?

சதுரத்தளம்
1000 புள்ளிக்கு 48×48 அங்குலம் தாராளம். 24×48இல் இரண்டு பலகை வெட்டி மேசைமேல் போடுங்கள், ஆட்டம் முடிந்ததும் அலமாரிக்குப் பின்னால் நிறுத்திவிடலாம். ஓரம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கை ஊன்றாதீர்கள், படையோடு கவிழும்.

6ஆம் பதிப்பில் முன்கூட்டி அளக்கக் கூடாது. பீரங்கிக்கு நீங்கள் சொல்லும் அங்குலத்தோடு ஆர்ட்டிலரி டைஸ் எனும் பீரங்கிப் பகடை 2 முதல் 10 வரை கூட்டும், பிறகு அதே பகடையை மறுபடி உருட்டினால் வரும் அங்குலத்துக்குக் குண்டு துள்ளும். இலக்கு 30 அங்குலத்தில் என்று தோன்றினால் 30 சொல்லாதீர்கள், தலைக்கு மேலே போய்விடும். 20 சொல்லுங்கள், மீதியைத் துள்ளல் பார்த்துக்கொள்ளும். பலகைகள் சேரும் கோடு ஓரத்திலிருந்து சரியாக 24 அங்குலம் என்பதால் கண்ணளவுக்குப் பெரிய உதவி. அதைப் பார்த்துக் கணிக்கலாமா, துணி விரித்து மறைப்பதா என்று தங்கச்சியோடு முதலிலேயே பேசி வையுங்கள்.