கடலோர ஓவியக் கண்காட்சி: பிரேம் போட யோசனை தேவை

நண்பர்களே, தனுஷ்கோடி, தரங்கம்பாடி, முட்டம் கடற்கரைகளை நீர்வண்ணத்தில் வரைந்து வைத்திருக்கிறேன். 1964 புயலில் சிதைந்த தேவாலயம், 1620-இல் டேனிஷ்காரர்கள் எழுப்பிய கோட்டை எல்லாம் உண்டு. ஈஞ்சம்பாக்கத்தில் ஒரு சின்ன காலரியில் மாட்டப் போகிறோம். கடல் பக்கத்திலேயே. அந்த ஈரக்காற்றில் தாளில் பூஞ்சை பிடித்துவிடுமோ என்பதுதான் கவலை.

தாள் கண்ணாடியில் ஒட்டாமல் இருக்க நடுவே மவுன்ட் போர்டு (ஓவியத்தைச் சுற்றி வைக்கும் தடித்த அட்டை) வேண்டும், அது சரி. ஆனால் கண்ணாடியா, அக்ரிலிக் ஷீட்டா? முன்னது கனம், பின்னது சீக்கிரம் கீறும், தூசியையும் இழுக்கும். அப்புறம், பின்பக்கம் சாதாரண ஹார்ட்போர்டே போதும் என்கிறார் பிரேம் கடைக்காரர். எனக்கு மனம் ஒப்பவில்லை, அதிலுள்ள அமிலத்தால் நாளடைவில் தாள் பழுப்பேறும். அமிலமில்லாத போர்டு சென்னையில் எங்கே கிடைக்கும்? நீர்வண்ண ஓவியங்களுக்குப் பிரேம் போட்டவர்கள் சொல்லுங்களேன்.