இசிஇ சேரும் தங்கைக்கு லேப்டாப்: விண்டோஸா, உபுண்டுவா, மேக்கா?

கெடிலக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். தங்கச்சி புதுச்சேரியில் இசிஇ (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் இன்ஜினியரிங்) முதல் வருஷம் சேர்றா. கடலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வரணும். பட்ஜெட் 55,000, இழுத்துப் பிடிச்சா 60,000. கடையில் ஒரே மாடலுக்கு ரெண்டு விலை சொல்றாங்க. விண்டோஸ் 11 போட்டு வந்தது ஒரு விலை, விண்டோஸ் இல்லாத டாஸ் மாடல் 5,000 கம்மி. டாஸ் எடுத்தா விண்டோஸை அவங்களே போட்டுத் தருவாங்களாம். மாமா பையன் மேக்புக்தான் நாலு வருஷம் தாங்கும்ங்கிறான். சீனியர் பொண்ணு ஒருத்தி உபுண்டு (இலவச லினக்ஸ் வகை) போதும்ங்கிறா. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

முத்தியால்பேட்டை:
இசிஇ-ன்னா விண்டோஸ் கட்டாயம் இருக்கணும். லேப் அப்படி. 8051-ங்கிற மைக்ரோகன்ட்ரோலர் சிப் லேபுக்கு கெயில் யூவிஷன்ங்கிற மென்பொருள் வேணும், அது விண்டோஸில் மட்டும்தான் ஓடும். சர்க்யூட் வரைய மல்டிசிம், புரோட்டியஸ் கேப்பாங்க, அதுவும் அப்படியே. சிப் வடிவமைக்கிற விஎல்எஸ்ஐ லேபில் விவாடோ மென்பொருள் வந்தா விண்டோஸ், லினக்ஸ் ரெண்டுலயும் ஓடும், மேக்கில் ஓடாது. மேட்லாப், பைத்தான், ஆர்டுயினோ மூணும் எதில் வேணா ஓடும். சீனியர்கிட்ட லேப் மேனுவல் ஒண்ணு வாங்கிப் புரட்டிப் பாருங்க, எந்த மென்பொருள் பேர் வருதோ அதுக்கு ஏத்த மாதிரி வாங்கலாம்.

மேக்புக் பேட்டரி, உடம்பு ரெண்டும் அருமை, அதை மறுக்க முடியாது. ஆனா ஆப்பிளோட சொந்த எம் சிப் போட்ட மேக்கில், நேரடியா விண்டோஸ் ஏத்த உதவுற பூட் கேம்ப் கிடையாது. மேக்குக்குள்ளேயே விண்டோஸை ஓட்டுற பேரலல்ஸை வாங்கிப் போட்டாலும் அதுக்குள்ள ஓடறது ஆர்ம் விண்டோஸ், அதாவது இன்டெல், ஏஎம்டி இல்லாத வேற வகை சிப்புக்கான விண்டோஸ். சாதாரண புரோகிராம் பலதும் அதில் ஓடிடும். மாட்டிக்கிறது டிரைவர்தான்: சிப்பில் புரோகிராம் ஏத்துற கிட்டுக்கு ஆர்ம் டிரைவர் இல்லைன்னா, ஒயரைச் சொருகினாலும் போர்டு இருக்கிறதே தெரியாது. இதே காரணத்துக்காக, ஆர்ம் வகையான ஸ்னாப்டிராகன் சிப் போட்ட விண்டோஸ் லேப்டாப்பும் இசிஇ-க்கு வேண்டாம். இன்டெல் இல்லேன்னா ஏஎம்டி எடுங்க.

விவாடோவை முழுசா போட்டா 100 ஜிபிக்கு மேல தின்னும். அதனால 512 ஜிபி எஸ்எஸ்டி-க்குக் கீழ போகாதீங்க. ரேம் 16 ஜிபி. 8 ஜிபிதான் பட்ஜெட்டில் வருதுன்னா, போர்டோட ஒட்டினதா, இன்னொரு ஸ்லாட் காலியா இருக்கான்னு அந்த மாடல் நம்பரைப் போட்டு கம்பெனி தளத்திலேயே பார்த்துடுங்க. கடைக்காரர் வாய்வார்த்தை இதில் செல்லாது.

மஞ்சக்குப்பம்:
அந்த 5,000 ரூபாயில்தான் விஷயமே இருக்கு. டாஸ் மாடலில் கடைக்காரர் 'சும்மா' போட்டுத் தர்ற விண்டோஸ் பெரும்பாலும் ஆக்டிவேட்டர்ங்கிற திருட்டு புரோகிராம் வச்சு, லைசென்ஸ் இருக்கிற மாதிரி ஏமாத்தினது. அதை ஓட்டறதுக்காக விண்டோஸோட வைரஸ் காவலான டிஃபெண்டரை அணைச்சிருப்பாங்க, இல்லேன்னா ஒரு ஃபோல்டரை ஸ்கேன் பண்ணாதேன்னு விலக்கு கொடுத்திருப்பாங்க. அந்த ஓட்டை அப்படியே கிடக்கும். கல்லூரியில் எல்லார் பென்டிரைவும் ஏறி இறங்குற மெஷினில் அது ஆபத்து.

சோதிக்க வழி: விண்டோஸ் பட்டனோட ஆர் அழுத்தினா ரன் பெட்டி வரும். அதில் ஆங்கிலத்தில் எஸ்-எல்-எம்-ஜி-ஆர், ஒரு இடைவெளி, முன்சாய்கோடு, டி-எல்-ஐ அடிச்சு என்டர் தட்டுங்க. வர்ற சின்னப் பெட்டியில் 'ஓஇஎம் டிஎம் சேனல்'னு இருந்தா கம்பெனியே போர்டில் பதிச்சு அனுப்பின லைசென்ஸ். 'வால்யூம் கேஎம்எஸ் கிளையன்ட்'னு இருந்தா அது பெரிய நிறுவனங்களுக்கான வகை. கடையில் வாங்கற புது லேப்டாப்பில் அதுக்கு வேலையே இல்லை. அட்டைப்பெட்டி ஸ்டிக்கரிலும் ஜிஎஸ்டி பில்லிலும் 'விண்டோஸ் 11 ஹோம்' இருக்கணும்.

இன்னொண்ணு, இதைப் பலர் கவனிக்கறதே இல்லை. முதல் தடவை ஆன் பண்ணும்போது கடைக்காரர் தன் மெயிலைப் போட்டு செட்டப் முடிச்சுக் கொடுப்பார். அப்படி விடாதீங்க. விண்டோஸ் 11 பல மெஷினில் டிஸ்க்கைத் தானாகவே பூட்டு போட்டு வைக்கும். அந்தப் பூட்டோட 48 இலக்கச் சாவி எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்ள போனாங்களோ அங்கதான் போய் உட்காரும். பின்னாடி பயாஸ் (விண்டோஸுக்கு முன்னாடி ஓடுற போர்டு மென்பொருள்) அப்டேட்டுக்கு அப்புறம் நீல ஸ்கிரீன் வந்து சாவி கேட்டா, அது கடைக்காரர் மெயிலில் இருக்கும். தங்கச்சி மெயிலை வச்சு வீட்டிலேயே செட்டப் பண்ணுங்க. சாவியை நோட்டில் எழுதி வைங்க.

செட்டிங்ஸில் 'எஸ் மோட்'னு இருந்தா ஸ்டோரில் உள்ளதைத் தவிர எதுவும் ஏறாது, கெயிலும் ஏறாது. ஸ்டோர் வழியா இலவசமாவே வெளியே வந்துடலாம். ஒரு தடவை வந்தா திரும்பப் போக முடியாது, போகவும் தேவையில்லை.

வில்லியனூர்:
சீனியர் சொன்னதைத் தள்ளிவிடாதீர்கள். லினக்ஸ் தெரிந்த இசிஇ மாணவிக்கு, கருவிகளுக்குள் இருக்கும் சிப்புகளுக்கு புரோகிராம் எழுதும் எம்பெடெட் வேலைகளில் கை ஓங்கும். ஆனால் முதல் வருடத்தில் அது மட்டுமே போதாது. ஆன்லைன் தேர்வுகளுக்கான சேஃப் எக்ஸாம் பிரவுசருக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது.

முதலில் விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்ட உதவும் டபிள்யூஎஸ்எல் போடுங்கள். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், சிபியு பக்கத்தில் 'விர்ச்சுவலைசேஷன்: எனேபிள்ட்' என்று இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பயாஸில் இயக்க வேண்டும். பிறகு ஸ்டோரில் உபுண்டுவை இறக்கலாம். ஜிசிசி (சி மொழி கம்பைலர்), பைத்தான், கட்டளைகள் பழக இது தாராளம். யுஎஸ்பி போர்டு மட்டும் அதற்குள் தானாகத் தெரியாது, அதற்குத் தனிக் கருவி வேண்டும்.

இரண்டாம் வருடத்தில் இரட்டை பூட் (ஒரே மெஷினில் விண்டோஸ், உபுண்டு இரண்டும்) போட விரும்பினால் வரிசை முக்கியம். டேட்டாவை வெளி டிஸ்க்கில் காப்பி எடுங்கள். டிஸ்க் பூட்டை அணையுங்கள். கன்ட்ரோல் பேனலில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை எடுத்துவிடுங்கள். அதை விட்டால் விண்டோஸ் முழுதாக மூடாமல் அரைத்தூக்கத்தில் இருக்கும், லினக்ஸிலிருந்து அந்தப் பகுதியில் எழுத முடியாது. டிஸ்க் மேனேஜ்மென்டில் 80 ஜிபி, அதாவது 81920 எம்பி சுருக்குங்கள். உபுண்டு 24.04-ஐ ரூஃபஸ் என்ற விண்டோஸ் மென்பொருள் மூலம் 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றினால் போதும்.

இன்ஸ்டாலரில் எஸ்எஸ்டி-யே காணவில்லையா? 11-ஆம் தலைமுறை முதல் வந்த பல இன்டெல் மெஷின்களில் பயாஸில் விஎம்டி என்ற டிஸ்க் நிர்வாக வசதி இயங்கிக்கொண்டிருக்கும். அதை அவசரப்பட்டு அணைத்தால் விண்டோஸ் பூட் ஆகாது. முதலில் விண்டோஸின் எம்எஸ்கான்ஃபிக் கருவியில் சேஃப் பூட்டைத் தேர்ந்தெடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். போகிற வழியில் பயாஸில் விஎம்டியை அணையுங்கள். விண்டோஸ் சேஃப் மோடில் எழுந்து புது டிரைவரைப் பிடித்துக்கொள்ளும். பிறகு சேஃப் பூட் டிக்கை எடுத்துவிடலாம்.

மலிவான ஆர்டுயினோ போர்டு பலவற்றில் யுஎஸ்பி இணைப்புக்கு சிஎச்340 சிப் இருக்கும். உபுண்டு 22.04-இல் அதைச் சொருகியவுடன் போர்ட் தோன்றி மறைந்தால், பிரெய்ல் காட்டிகளுக்கான பிஆர்எல்டிடிஒய் என்ற சேவை அதைப் பறித்துக்கொள்கிறது. அதை நீக்கினால் சரியாகும். பார்வையற்றோர் பயன்படுத்தும் கணினியில் மட்டும் நீக்கக் கூடாது.

கெடிலக்கரை:
ரொம்ப நன்றி. அப்ப விண்டோஸ் லைசென்ஸோட வர்றதையே எடுத்துடறேன். கடைசியா ஒண்ணு: பழைய கம்பெனி லேப்டாப், ஐ5 ஏழாம் தலைமுறை, பாதி விலைக்குக் கிடைக்குது. அது ஆகுமா?

மஞ்சக்குப்பம்:
தங்கச்சிக்கு வேண்டாம். விண்டோஸ் 11 அதிகாரபூர்வமா கேக்கறது இன்டெல் எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0 பாதுகாப்பு சிப்பும். ஏழாம் தலைமுறையில் ஒரு சில சிப்புக்குத்தான் விதிவிலக்கு. விண்டோஸ் 10-க்கு வழக்கமான இலவச அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓட நின்னுபோச்சு. குறுக்குவழியில் 11 ஏத்தலாம்தான், ஆனா அப்டேட் வரும்னு மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தராது. பழசே வேணும்னா எட்டாம் தலைமுறைக்கு மேல பாருங்க, பேட்டரிக்குத் தனியா காசு ஒதுக்குங்க.

வில்லியனூர்:
அந்த ஏழாம் தலைமுறை வீட்டுக்கென்றால் நல்ல மெஷின். லினக்ஸ் மின்ட் (இன்னொரு இலவச லினக்ஸ்) போட்டு, ஐபஸ் எம்17என் என்ற தட்டச்சு மென்பொருளைச் சேர்த்தால் தமிழ்99 விசைப்பலகை முறையிலேயே தட்டலாம்.